ஒன்பது, பன்னிரண்டு, பதினாலு

அழுங்கள், வெட்கப்படாமல் அழுங்கள் என்று ஒலிபெருக்கி மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டது. இந்துஜாவுக்கு அழுகை வருவேனா என்றது. வரவும் வேண்டாம், வந்தாலும் விடப்போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எவர்சில்வர் தாம்பாளத்தில் இருந்த அப்பாவின் வலது காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மைதானம் முழுக்கப் பந்தல், பந்தலுக்கடியில் வரிசை வரிசையாகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலிக்கு ஓர் அப்பாவோ அம்மாவோ, அவர்கள் காலடியில் முட்டி போட்ட ஒரு பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. வருஷா வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஹால் டிக்கெட் கொடுக்கும் நாளில் பாத பூஜை உண்டு. பெற்றவர்கள் காலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூவைப் போட்டு, விழுந்து கும்பிட்டு எழுந்தால் மார்க் கொட்டும் என்று யாரோ எந்தக் காலத்திலோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்கென்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேச்சாளர். அவர் பத்து மாதம் சுமந்ததில் ஆரம்பித்து, பசித்த வயிற்றோடு ஊட்டியதற்கு வந்து, இப்போது நாளைக்கு இவர்கள் இல்லாமல் போனால் என்ற இடத்துக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பின்னால் வயலின் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியடியில் மிருதுளா தேம்பித் தேம்பி அழுதாள். கெமிஸ்ட்ரியில் எழுபதுக்கு அறுபத்தொன்பது வந்த அன்றைக்கும் அவள் இப்படித்தான் அழுதாள். அவளுக்கு அது கைவந்த கலை. வரிசைக்கு நடுவே ஒருவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு குனிந்து குனிந்து நடந்தான். கண்ணீர் எங்கே திரண்டு நிற்கிறதோ அங்கே ஓடிப்போய் நின்றான். அடுத்த வருஷத்து அட்மிஷன் விளம்பரத்துக்கு அழுத முகம் வேண்டுமாம். வாடா வா, என்னிடம் வா, உனக்கு ஒரு சொட்டும் கிடைக்காது என்று இந்துஜா மனசுக்குள் கறுவினாள்.

செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் அப்பாவின் கணுக்காலில் விழுந்து, எலும்பைச் சுற்றிக்கொண்டு, குதிகால் வெடிப்புக்குள் இறங்கிக் கொஞ்ச நேரம் காணாமல் போய், பிறகு பழுப்பாக வெளியே வந்தது. சத்தீஸ்கர் மண்ணாக இருக்கும். நேற்றைக்கு முந்தின நாள் வரை அங்கேதான் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போகாத தேசம் இல்லை. வருஷத்தில் பத்து மாதம் அப்பா என்பது போனில் கேட்கும் ஒரு குரலும் அதற்குப் பின்னால் கம்ப்ரசர் சத்தமும்தான். குழந்தைவேல், டிரில்லர், எட்டாம் வகுப்பு. கால் கட்டைவிரலில் நகம் கிடையாது. குழிக்குள் இறக்கும் இரும்பு ராடு ஒன்று நழுவி விழுந்ததில் போனது, அந்த இடத்தில் தோல் காய்ந்த பேரீச்சம்பழம் போலச் சுருங்கி இருக்கும். இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள், இன்னொன்றில் அம்மா இல்லை. அவள் வேலை பார்க்கும் தறிக்காரர் லீவு கொடுக்கவில்லை. போனில், "ரெண்டு காலு கழுவுனா நாலு காலு கழுவுனாப்பலதான், நீ நல்லா எழுது போ" என்று அம்மா சிரித்தாள். எழுது என்று அவள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவளுக்கு விஷயம் தெரியாது. அப்பா சொல்லவில்லை. இந்துஜாவிடமும்தான் சொல்லவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருக்கிறது, சட்டைத் துணி நைந்துபோனது, பள்ளிக்கூடத்தின் நீல எழுத்து வெளியே தெரிகிறது. அவர் மூச்சு விடும்போதெல்லாம் அது ஏறி இறங்குகிறது. அதை மட்டும் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ மேடையைப் பார்க்கிறார், பந்தலின் ஜரிகையைப் பார்க்கிறார், பக்கத்து நாற்காலி அப்பாவின் வாட்சைப் பார்க்கிறார், பெற்ற மகள் முகத்தைத் தவிர மீதி எல்லாவற்றையும் பார்க்கிறார்.

நேற்று ரேவதி மிஸ் லேபுக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் வைத்துச் சொன்னாள். மார்க் குறைந்தவர்களின் ஸ்பெஷல் பேட்ச் உட்காருவது அங்கேதான், உடைந்த பியூரெட்டும் பினாயில் வாசனையும் எட்டுப் பேரும். "உன் நல்லதுக்குத்தான் இந்து. கெமிஸ்ட்ரிக்கு மட்டும் உடம்பு சரியில்லைன்னு வராம இருந்துடு. ஜூன்ல எழுதிக்கலாம், யாருக்கும் தெரியாது. நாளைக்கு உங்கப்பா லெட்டர்ல கையெழுத்துப் போட்டு, பூஜை முடிஞ்சதும் மேடையில குடுத்தாப் போதும். கரஸ்பாண்டென்ட் சார் அவர்கிட்ட போன்ல பேசிட்டார். அவரும் சரின்னுட்டார்." அவரும் சரின்னுட்டார். இந்த வார்த்தை நேற்றிலிருந்து தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. வாசலில் பெரிய போர்டு, பதினோரு வருஷமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. எழுதித் தோற்றால் நூறு போய்விடும், எழுதவே வராதவள் அந்தக் கணக்கில் சேரமாட்டாள். எவ்வளவு சுலபம், ஒருத்தியைக் காணாமல் அடித்துவிட்டால் போதும். அதுகூட இந்துஜாவுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான், நாய் என்றால் குரைக்கும். அப்பா எப்படிச் சரி என்றார்? யாரைக் கேட்டுச் சரி என்றார்? ஒன்பது, பன்னிரண்டு, பதினாலு. முதல் ரிவிஷனில் ஒன்பது, இரண்டாவதில் பன்னிரண்டு, மூன்றாவதில் பதினாலு. எழுத்துத் தேர்வில் எழுபதுக்குப் பதினைந்து எடுத்தால் பாஸ், செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து இருபத்தெட்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு மார்க், ஒரு சரியான விடையைச் சுற்றி ஒரு வட்டம். இந்த ஒன்றுக்காகவா அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அந்த ஒன்றைக்கூட அவள் எடுக்கமாட்டாள் என்று பெற்ற அப்பாவே முடிவு கட்டிவிட்டாரா? மூன்று ரிவிஷனாக அவள் ஏறிய ஐந்து மார்க் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையே. அறுபத்தொன்பது வாங்கியவளுக்குக் கைதட்டுகிற ஊரில் ஒன்பதிலிருந்து பதினாலுக்கு வந்தவளுக்குப் பெயர் ஸ்லோ லேர்னர்.

இடது காலை எடுத்துத் தட்டில் வைத்தாள். அது வலது காலை விடக் கனமாக இருந்தது. அவரே தூக்கிக் கொடுக்கலாம், கொடுக்கவில்லை, கூச்சத்தில் விறைத்துக்கொண்டிருந்தார். பத்தாவது வரைக்கும் அவள் கெட்டிக்காரி. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், நானூற்று அறுபத்திரண்டு, ஊர் முனையில் பேனர். அந்த பேனரை நம்பித்தான் இங்கே கொண்டுவந்து இங்கிலீஷ் மீடியத்தில் தள்ளினார்கள். தள்ளிய நாளிலிருந்து ஒவ்வொரு பாடமும் இரண்டு பாடமாகிவிட்டது, முதலில் அதைத் தமிழாக்கிப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு இங்கிலீஷாக்கி எழுத வேண்டும், அதற்குள் மணி அடித்துவிடும். அதிலும் அந்தக் கேனிசரோ வினை. ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடு, அடர் சோடியம் ஹைட்ராக்சைடு, இதுவரைக்கும் தண்ணி பட்ட பாடு. அடுத்த வரியில் வண்டி நின்றுவிடும். இரண்டு பென்சால்டிஹைடு, ஒரே மாதிரி இரட்டைப் பிள்ளைகள், ஒன்று ஆக்சிஜனேற்றம் ஆகும், மற்றொன்று ஒடுக்கம் ஆகும். ஒடுக்கம் என்றால் ஒடுங்க வேண்டும் அல்லவா, ரெட்யூஸ் என்றால் குறைய வேண்டும் அல்லவா, ஆனால் ஒடுங்கினதுக்கு ஹைட்ரஜன் கூடுகிறது. குறைந்தது எப்படிக் கூடும்? ரேவதி மிஸ்ஸிடம் கேட்டாள், "அதெல்லாம் கேக்காத, மனப்பாடம் பண்ணு" என்றாள். மனப்பாடம் பண்ணினாள், ஜனவரி ரிவிஷனில் அந்தக் கேள்வி வந்தது, எந்தப் பிள்ளை எது என்று குழம்பி, எழுதி அடித்து எழுதி அடித்து, காதுக்குள் நெஞ்சு அடிக்கிற சத்தம் பெரிதாகி, தாள் வெள்ளையாகி, எழுத்தெல்லாம் தாளை விட்டு இறங்கிப் போய்விட்டது போலாகி, அப்புறம் அவள் கண் விழித்தபோது கூரை மின்விசிறி தெரிந்தது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வர ஆரம்பித்ததும் வலது கட்டைவிரல் தானாகத் துடிக்க ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான். இப்போதும் துடிக்கிறது. அப்பாவின் பாதத்தின் மேல் துடிக்கிறது. அவருக்குத் தெரியுமோ என்று அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

துடிப்புக்கு மருந்து அவளேதான் கண்டுபிடித்தாள். மூச்சை எண்ணு, பாசிட்டிவாக நினை, கண்ணாடியைப் பார்த்து நான் ஜெயிப்பேன் என்று சொல் என்றெல்லாம் இதே மாதிரிப் பேச்சாளர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணாடியைப் பார்த்துச் சொன்னதில் கண்ணாடிக்குத்தான் தைரியம் வந்தது. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற கல் இருக்கிறது, பெரிய கருங்கல், வெயிலில் சுட்டுக் கிடக்கும். ஒருநாள் பாவாடையைக் கசக்கிக்கொண்டே சும்மா ஈர விரலால் அந்தக் கல்லில் ஒரு சமன்பாடு எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிட்டது. அட என்று மறுபடி எழுதினாள், இன்னும் வேகமாக. தப்பானால் அடிக்க வேண்டியதில்லை, வெயிலே அழித்துவிடும், யாரும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடமாட்டார்கள், யார் கண்ணிலும் படாது. கல்லில் எழுதும்போது கட்டைவிரல் துடிக்கவில்லை என்பதைத் துணியெல்லாம் காயப்போட்ட பிறகுதான் கவனித்தாள். அப்புறம் தினம் சாயங்காலம் துவைக்கத் துணி இருக்கோ இல்லையோ கல்லுக்குப் போனாள். வார்டன், "உனக்கு மட்டும் எங்கிருந்துடி இவ்ளோ அழுக்குத் துணி" என்று சத்தம் போட்டாள். பன்னிரண்டும் பதினாலும் அந்தக் கல் கொடுத்த மார்க். மிஸ் கொடுத்ததல்ல, வயலின் கொடுத்ததல்ல. அது யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஹாஸ்டல் போனில் மூன்று நிமிஷம், அதில் சாப்பிட்டயா, தூங்குனயா, ஒடம்பு எப்படி இருக்குது என்று அவர் கேட்பதற்கே இரண்டரை போய்விடும். மயங்கி விழுந்ததற்கு ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு ஒருநாள் அவர் ராய்ப்பூரிலிருந்து பேசினார், கம்ப்ரசர் சத்தமே இல்லாமல், வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினார். "பரிச்ச போனா மயிராச்சு கண்ணு. நீ இருந்தாப் போதும்." அன்றைக்கு அந்த வார்த்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போது யோசித்தால் அந்த வார்த்தையிலிருந்துதான் இந்தக் காகிதம் பிறந்திருக்கிறது. இருந்தால் போதும். எதற்கு இருக்க வேண்டும், சும்மாவா? அலமாரியில் வைத்த பொம்மை மாதிரி உடையாமல் இருந்தால் போதுமா? பாசத்துக்குத்தான் கண் தெரியாது என்றால் காதும் கேட்காதா?

அவர்மேல் கோபப்பட முயன்றாள், கோபம் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. ஐந்தாம் வகுப்பு லீவில் அவளைச் சங்ககிரிப் பக்கம் போர் போடுகிற இடத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். மத்தியானம் எல்லாரும் பேப்பரை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவர் மட்டும் வெறும் மண்ணில் உட்கார்ந்தார். எழுத்து இருக்கிற காகிதத்தின்மேல் எப்படி உட்காருவது, சரஸ்வதி அல்லவா என்றார். சேலம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்தில் கிழிந்த நோட்டுத்தாள் ஒன்றைத் தெரியாமல் மிதித்துவிட்டு, நின்று, குனிந்து, எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார், பின்னால் வந்தவன் திட்டிக்கொண்டே முட்டிவிட்டுப் போனான். எட்டாவதோடு நின்றவருக்குப் படிப்பு என்பது சாமி, படித்தவர்கள் பூசாரி. பூசாரி ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடு என்றால் போடாமல் என்ன செய்வார்? சங்ககிரிக்குப் போன அன்றைக்குச் சாயங்காலம் ஐந்நூற்று எண்பது அடி போயும் குழியிலிருந்து வெறும் புழுதிப் புகைதான் வந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, போதும், வண்டியை எடுங்க என்றார். அப்பா லீவரை விடவில்லை. "இன்னும் ஒரே ஒரு ராடு இறக்கிப் பாத்துருவோமுங்க" என்றார். அந்த ராடில் புகை நின்று ஈரமண் வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, இந்துஜா நனைந்த கவுனோடு குதித்தாள். எல்லா ராடிலும் வந்துவிடவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். வராத நாளில் அவர் போனில் பேசவே மாட்டார். மேடைப் பேச்சாளராக இருந்தால் வாழ்க்கையும் ஒரு போர்வெல் மாதிரி என்று இந்நேரம் ஆரம்பித்திருப்பார். இந்துஜாவுக்கு அந்தப் பேச்செல்லாம் ஆகாது, அவள் குழியும் இல்லை, தண்ணியும் இல்லை, கெமிஸ்ட்ரியில் ஒரு மார்க் குறைகிறவள், அவ்வளவுதான். ஆனாலும் லீவரை விடாத அந்தக் கையும் இன்றைக்குக் காலையில் ஆபீஸில் பேனாவைப் பிடித்த கையும் ஒரே கைதானா என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

மஞ்சளைக் குழைத்தாள். பூஜைச் சாமான் பட்டியலில் இருந்தது எல்லாம் இருக்கிறது, கால் துடைக்கத் துண்டு மட்டும் இல்லை, ரயிலிலிருந்து நேராக வந்தவர் மறந்துவிட்டார். பேச்சாளர் இப்போது எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். கடைசியாக அப்பா உங்களுக்காக எப்போது அழுதார் என்று நினைத்துப் பாருங்கள் என்றார். பந்தலே விம்மியது. பின்வரிசையில் யாரோ அம்மா என்று கத்தினார்கள். இந்துஜா கண்ணை மூடவில்லை. தாம்பாளத்து விளிம்பில் காய்ந்த இடம் ஒன்று இருந்தது, ஈர விரல் தானாக அங்கே போயிற்று. இரண்டு பென்சால்டிஹைடு. சோடியம் ஹைட்ராக்சைடு. அம்பு. ஒடுங்கினது எது? விரல் நிற்கவில்லை. கல்லில் நிற்காத மாதிரி இங்கும் நிற்கவில்லை. ஒடுங்கினவனுக்குத்தான் ஹைட்ரஜன் கூடும், ஆகட்டுமே, பெயரைப் பார்த்து ஏமாறாதே, கூடினதை எழுது. பென்சைல் ஆல்கஹால். மற்றவன் சோடியம் பென்சோயேட். எழுதி முடித்துவிட்டாள். முதலிலிருந்து பார்த்தாள், எங்கும் அடித்தல் இல்லை. கட்டைவிரலைப் பார்த்தாள், சும்மா இருந்தது. ஊரே அழுகிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மார்க் கேள்வி! பதினைந்தே போதும் என்கிறார்கள், பதினேழு இருக்கிறது இந்தத் தட்டில். வெயில் பந்தல் ஓட்டை வழியாக விழுந்து அதைக் காய வைத்தது. காயட்டும். அவளுக்குள்ளே இருக்கிறது.

"இப்ப எல்லாரும் எந்திரிச்சு அம்மாவை, அப்பாவை இறுக்கிக் கட்டிப் பிடிச்சுக்குங்க" என்றது ஒலிபெருக்கி. மைதானம் எழுந்தது. நாற்காலிகள் சரிந்தன. மிருதுளா அவள் அப்பாவின் சட்டையைக் கண்ணீரால் நனைத்தாள். இந்துஜா எழவில்லை. இரண்டு கையாலும் இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டாள், கிணற்றுக் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்தாள். இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் மேடையில் கொடுக்க வேண்டுமானால் அவர் நடக்க வேண்டும், நடக்கக் கால் வேண்டும்.

"எந்திரி கண்ணு. எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க."

"முடியாதுங்க."

"ஏஞ்சாமி, முட்டி வலிக்குதா?"

"உங்க பாக்கெட்டுல என்னங்கப்பா?"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. திருடன் மடியைப் பிடித்துக்கொள்வது போல அதை மூடிக்கொண்டார். "ஒன்னுமில்ல."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"இங்கிலீசுல இருந்துச்சு. சார் சொன்னாரு. உனக்கு ஒடம்புக்கு முடியல, அந்த ஒரு பரிச்சைக்கு மட்டும் வல்லைன்னு."

"எனக்கு என்னங்க ஒடம்புக்கு?"

அவர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "மயங்கி உழுந்தயில்ல. அங்கிருந்து நான் வந்து சேர ரெண்டு நாளு ஆச்சு. அந்த ரெண்டு நாளு ரயில்ல நான் என்ன பாடு பட்டன்னு உனக்குத் தெரியாது. போன் அடிச்சா எடுக்கறதுக்கே கை நடுங்கும். ஒரு பரிச்சைக்காவ உன்னய நான் எதுக்குக் கண்ணு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பேச்சாளர் ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்திச் செய்ய முடியாததை இந்த மனுஷர் நாலு வார்த்தையில் செய்துவிடுவார் போலிருந்தது. கூடாது, இப்போது கூடாது. அழுதால் அந்தக் காகிதம் ஜெயித்துவிடும்.

"அதுவுமில்லாம பதினாலுன்னு சொன்னாரு" என்றார் அவர், மெதுவாக, அவளுக்கு வலிக்கக் கூடாது என்று. "முப்பத்தஞ்சுக்கு இன்னும் இருவத்தொன்னு வேணும். ஒம்போது நாள்ல எங்க போயிச் சாமி கொண்டாருவ?"

அவள் கை தளர்ந்தது. "முப்பத்தஞ்சா?"

"பாஸ் மார்க்கு அதான? உன்ற பத்தாவதுல?"

"அது மொத்த மார்க்குக்குங்கப்பா. இங்க எழுதறதுல பதினஞ்சு எடுத்தாப் போதும். மிச்சத்துக்கு ப்ராக்டிகல் மார்க்கு என்ற கையில இருக்குது."

"பதினஞ்சா?"

"பதினஞ்சு."

அவர் உதடு அசைந்தது. பதினாலு, பதினஞ்சு. மறுபடி அசைந்தது. "அப்ப ஒன்னா? ஒன்னுதானா?"

"ஒன்னேதானுங்க."

"அதை அந்தாளு சொல்லவே இல்லையே."

"நீங்களும் கேக்கலையே. என்னையும் கேக்கலையே." குரல் உயர்ந்துவிட்டது, உயரட்டும். "மொதல்ல ஒம்போது, அப்பறம் பன்னெண்டு, இப்பப் பதினாலு. பொகையடிச்சுட்டு இருந்த குழியில ஈரமண்ணு வந்தா நீங்க என்னங்க பண்ணுவீங்க? வண்டியக் கெளப்புவீங்களா?"

அவர் மேடையைப் பார்த்தார், அங்கே கரஸ்பாண்டென்ட் பேச்சாளருக்குச் சால்வை போட்டுக்கொண்டிருந்தார். "ஈரமண்ணு வந்தா எவனாச்சும் கெளப்புவானா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு குனிந்து, "பயமில்லையா கண்ணு?" என்றார்.

"பயமாத்தான் இருக்குது. பயந்துட்டே எழுதறன்."

"தப்பிப்போச்சுன்னா?"

"போனாப் போவுது. எழுதிட்டுத் தோக்கறன். எழுதாமயே பாஸாகோணும்னு நெனைக்கறது இந்தப் பள்ளிக்கூடந்தான், நான் இல்ல."

கேமராக்காரன் வந்து சேர்ந்தான். எழுந்திரிக்காமல் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை அவன் விடுவானா, கிட்டே வந்து முட்டி போட்டு, அழும்மா, அப்படியே அப்பாவப் பாத்து அழும்மா என்று சைகை செய்தான். அப்பா அவனைக் கவனிக்கவில்லை.

"துண்டு எங்க சாமி?"

"நீங்கதாங்க கொண்டாரலை."

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்ததை நிதானமாக விரித்தார். நீல எழுத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர், கீழே அவர் கையெழுத்து, கே. குழந்தைவேல், எட்டாவதில் கற்றுக்கொண்ட அதே கோணல் எழுத்து. அதைத் தரையில் போட்டார். தாம்பாளத்திலிருந்து வலது காலைத் தூக்கி அதன் மேல் வைத்தார். இடது காலையும் வைத்தார். விரலிடுக்கில் ஈரம் போக இரண்டு பாதத்தையும் அழுத்தித் தேய்த்தார், மஞ்சளும் பழுப்புத் தண்ணீரும் பரவி நீல மை கரைந்து ஓடியது. துடைத்து முடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, குனிந்து அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தார். பழக்கத்தில் கை கண்ணுக்குப் போனது, பாதி வழியில் நின்றது, ஒரு நிமிஷம் அந்தரத்தில் அப்படியே இருந்தது. பிறகு கசக்கித் தாம்பாளத்துத் தண்ணீருக்குள் போட்டார்.

கேமராக்காரன் இந்துஜாவின் முகத்தை விட்டு எழுந்துவிட்டான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அவனுக்கு அது வேண்டாம்.

"ஹால் டிக்கெட்டு எந்தப் பக்கம் குடுக்கறாங்க?" என்று அப்பா பக்கத்து நாற்காலிக்காரரிடம் சத்தமாகக் கேட்டார். ரிக் வண்டிக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது, மேடை வரைக்கும் கேட்டிருக்கும்.